முதல் நோயாளியைப் பார்ப்பவர் யார்?

பெரியம்மையை உலகத்தை விட்டே விரட்டிய திட்டத்தைப் பத்தாண்டுகளுக்கு மேல் தலைமையேற்று நடத்தியவர் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் ஹெண்டர்சன். அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதாரப் பேரவை 1980 மே மாதம் அறிவித்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, எழுபது வயதில், அதே ஹெண்டர்சன் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மையத்தைத் தொடங்கினார். பெரியம்மையையோ ஆந்த்ராக்ஸையோ யாராவது வேண்டுமென்றே மக்கள் மீது ஏவினால் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று ஆராய்வதுதான் அதன் வேலை. அவருடைய பணி வாழ்க்கையின் முற்பகுதி கிராமம் கிராமமாக நோயைத் தேடுவதில் போனது. பிற்பகுதி வாஷிங்டனில் அமைச்சர்களோடும் படைத் தளபதிகளோடும் கழிந்தது. இரண்டும் வேறு வேறு துறைகள் என்றுதான் இன்றைக்கும் அரசுகள் நினைக்கின்றன. ஒன்றைச் சுகாதாரத் துறையிடமும் மற்றொன்றைப் பாதுகாப்புத் துறையிடமும் ஒப்படைக்கின்றன. முதலாவதற்குக் கிள்ளிக் கொடுத்து, இரண்டாவதற்கு அள்ளிக் கொடுக்கின்றன. இந்தப் பிரிவினை தவறு என்பதற்கு ஹெண்டர்சனின் வாழ்க்கையே சான்று. கிருமி தானாக வந்தாலும் ஒருவர் ஏவி வந்தாலும் அதைக் கண்டுபிடிக்கப்போவது ஒரே ஆள்தான்: முதல் நோயாளியைப் பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ சுகாதார ஆய்வாளரோ. அந்த ஆளை வலுப்படுத்தாத எந்தப் பாதுகாப்பும் பாதுகாப்பு ஆகாது.

இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும் முதல் ஆதாரம் ஹெண்டர்சனை உருவாக்கிய அமைப்பின் பிறப்பிலேயே இருக்கிறது. 1951-இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எதிரி கிருமி ஆயுதத்தைப் பயன்படுத்திவிடுவானோ என்ற அச்சம் அமெரிக்காவைப் பிடித்திருந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமை நோய்ப்பரவலியலாளர் அலெக்சாண்டர் லாங்மியூர் அந்த அச்சத்தைச் சரியான இடத்தில் பயன்படுத்தினார். கிருமித் தாக்குதலைக் கண்டுபிடிக்க ஆட்கள் வேண்டும் என்று சொல்லிப் பணம் பெற்று, இளம் மருத்துவர்களைக் கொண்டு ‘தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணி’ என்ற பயிற்சி அமைப்பை உண்டாக்கினார். கிருமித் தாக்குதல் வரவில்லை. ஆனால் 1955-இல் ஒரு நிறுவனம் தயாரித்த போலியோ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கலந்துபோய்ப் பிள்ளைகள் முடங்கியபோது, எந்த ஊசியால் எங்கே என்று சில நாள்களில் கண்காணித்துச் சொன்னது இந்தப் படைதான். அந்த ஆண்டுதான் ஹெண்டர்சன் அதில் சேர்ந்தார். வெளியூரிலிருந்து தகவல் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நோயாளியை நேரில் பார்க்க வேண்டும். அவர் யாரோடு பழகினார், என்ன சாப்பிட்டார் என்று விசாரிக்க வேண்டும். பிற்காலத்தில் உலக அளவில் அவர் செய்ததெல்லாம் இந்தப் பாடத்தின் நீட்சிதான்.

பெரியம்மை ஒழிப்பை அவரிடம் ஒப்படைத்தபோது வெற்றி கிடைக்கும் என்று பலர் நம்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய தலைமை இயக்குநரே நம்பவில்லை. 1966-இல் உலக சுகாதாரப் பேரவையில் அந்தத் திட்டத்துக்கான நிதி மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பிப் பிழைத்தது. 1967-இல் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பெரியம்மை தாக்கியது, இருபது லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பின்னாளில் கிடைத்த மதிப்பீடு. அந்த ஆண்டு நாடுகள் அறிக்கையில் காட்டிய எண்ணிக்கையோ ஏறத்தாழ 1,30,000. நூறு நோயாளிகளில் ஒருவர்தான் காகிதத்தில் ஏறினார். உறைய வைத்து உலர்த்திய தடுப்பு மருந்து இருந்தது, இருமுனை ஊசி வந்துவிட்டது, சோவியத் ஒன்றியம் கோடிக்கணக்கில் மருந்தை இலவசமாகக் கொடுத்தது. நோய் எந்த ஊரில் இருக்கிறது என்ற தகவல்தான் இல்லை.

அந்தத் தகவலின் மதிப்பை முதலில் காட்டியது கிழக்கு நைஜீரியா. 1966 டிசம்பரில் அங்கே பெரியம்மைத் தடுப்புப் பணியில் இருந்த மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் எல்லோருக்கும் போடப் போதுமான தடுப்பு மருந்து இல்லை. அந்தப் பகுதியில் பணியாற்றிய மிஷனரிகளிடம் வானொலிக் கருவிகள் இருந்தன. மாலையில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது வழக்கம். ஃபேகி அந்த உரையாடலுக்குள் புகுந்து, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, யார் யார் எந்த ஊரைப் பார்த்து வர வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். மறுநாள் முதல் எந்த ஊரில் அம்மை இருக்கிறது என்று செய்தி வந்தது. நோய் இருந்த ஊர்களிலும் அங்கிருந்து நோய் போகக்கூடிய சந்தை வழிகளிலும் மட்டும் ஊசி போட்டார்கள். மக்களில் பெரும்பாலானோருக்கு ஊசி போடாமலேயே பரவல் நின்றது. தேடு, சுற்றி வளை என்ற இந்த முறையை ஹெண்டர்சன் உலகத் திட்டத்தின் முதுகெலும்பாக ஆக்கினார்.

இந்தியாவில் இந்த முறை கடும் சோதனைக்கு உள்ளானது. 1973 இலையுதிர்காலத்தில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் முதன்முறையாக வீடு வீடாகத் தேடியபோது, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஏறத்தாழ பத்தாயிரம் நோயாளிகள் அகப்பட்டார்கள். தேடியவர்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மை போட்ட ஒரு குழந்தையின் வண்ணப்படம் ஒட்டிய அட்டை ஒன்றுதான். “இப்படி யாருக்காவது இருக்கிறதா?” என்று பள்ளிப் பிள்ளைகளிடமும் சந்தைக்கு வந்தவர்களிடமும் தேநீர்க் கடைகளிலும் காட்டிக் கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் குறிப்பிட்ட சில நாள்களுக்குள் நாடு முழுவதும் வீடு ஏறினார்கள். 1974-இல் நோய் உச்சத்தைத் தொட்டது; அந்த ஆண்டு மட்டும் இந்தியாவில் 1,88,000 பேர் நோயுற்று, 31,000 பேர் இறந்ததாகப் பதிவானது. இந்தத் தேடுதலைக் கைவிட்டு எல்லோருக்கும் ஊசி போடும் பழைய முறைக்கே போகலாம் என்று பீகார் சுகாதார அமைச்சர் முடிவெடுக்க இருந்த கூட்டத்தில் ஒரு மருத்துவர் எழுந்து, கிராமத்தில் ஒரு குடிசை எரிந்தால் அதன் மேல்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லாக் குடிசை மேலும் ஊற்ற மாட்டோம் என்று சொன்னதை ஃபேகி பதிவு செய்திருக்கிறார். அமைச்சர் இன்னும் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். நோயாளியைக் காட்டிக் கொடுப்பவருக்கான பரிசு படிப்படியாக ஏறி 1,000 ரூபாய் வரை போனது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை நோயாளி எவரும் இல்லை.

தமிழ்நாடு இந்தக் கட்டத்தை வெகு முன்னரே, 1960-களின் பிற்பகுதியிலேயே, தாண்டிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவ், 1960-களில் 6,942 பெரியம்மை நோயாளிகளைக் கவனித்துப் பதிவு செய்தார். யாருக்கு எந்த வகை அம்மை, எந்த வகையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று அவர் வகுத்த பிரிவுகளை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் பாடநூல்களில் அதுவே இருக்கிறது. நோய் புகுந்த 254 குடும்பங்களை அவருடைய குழு பின்தொடர்ந்து, 1968-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. ஒரே கூரையின் கீழ், நோயாளியோடு சேர்ந்து வாழ்ந்தும், தடுப்பூசி போடாதவர்களில் நூற்றுக்கு 37 பேர் அளவுக்கே நோய் தொற்றியது. போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர். பெரியம்மை கொடியது, ஆனால் காட்டுத்தீயாகப் பரவுவதில்லை. தேடிப் பிடித்தால் நிறுத்திவிடலாம் என்பதற்குச் சென்னையின் வீடுகளில் எடுத்த கணக்கு ஆதாரம் ஆயிற்று. இந்தக் கணக்கின் பெருமை அத்தோடு நிற்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துக் கிருமிப் போர் ஒத்திகைகளின் அனுமானங்களைச் சரிபார்க்கவும் இத்தகைய கள ஆய்வுகள்தான் உதவின.

2001 ஜூன் மாதம் ஹெண்டர்சனின் மையமும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து வாஷிங்டன் அருகே ஒரு விமானப்படைத் தளத்தில் ‘டார்க் விண்டர்’ என்ற ஒத்திகையை நடத்தின. அமெரிக்க நகரங்களில் பெரியம்மைக் கிருமி தூவப்பட்டதாகக் கற்பனை. முன்னாள் செனட் உறுப்பினர் ஒருவர் குடியரசுத் தலைவராக நடித்தார். கற்பனையான சில நாள்களிலேயே தடுப்பு மருந்து தீர்ந்தது, மாநிலங்கள் எல்லையை மூடின, எங்கே எத்தனை பேருக்கு நோய் என்ற தகவல் எவரிடமும் இல்லை. மருத்துவமனைகளையும் நோய்க் கண்காணிப்பையும் பல ஆண்டுகளாகப் பட்டினி போட்டதன் விளைவை ஆட்சியாளர்களுக்கு உறைக்கும்படி அது காட்டியது. ஆனால் ஒரு நோயாளி பத்துப் பேருக்குத் தொற்ற வைப்பார் என்று அதில் வைத்த அனுமானத்தை நோய்ப்பரவலியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. பழைய கள அனுபவங்கள் அவ்வளவு வேகத்தைக் காட்டவில்லை என்றார்கள். மக்களிடம் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதையும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதையும் ஒத்திகையை நடத்தியவர்கள் பதிலாகச் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. இருந்தாலும், அச்சத்தை அளந்து பார்க்க நம்மிடம் இருக்கும் ஒரே கருவி களத்தில் எடுத்த கணக்கு. அதைக் கையில் வைத்திருப்பவர்கள் பாதுகாப்பு நிபுணர்களின் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஒத்திகை முடிந்து நான்கு மாதங்களுக்குள் உண்மையிலேயே தாக்குதல் வந்தது. ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்கள் அமெரிக்கத் தபாலில் போயின. 22 பேர் நோயுற்று, ஐவர் இறந்தார்கள். இதை உளவு அமைப்பு எதுவும் கண்டுபிடிக்கவில்லை. காற்றை முகர்ந்து கிருமியைச் சொல்லும் கருவியும் கண்டுபிடிக்கவில்லை. ஃபுளோரிடாவில் சுயநினைவு இழந்து வந்த ஒருவரின் தண்டுவட நீரை நுண்ணோக்கியில் பார்த்த தொற்றுநோய் மருத்துவர், சங்கிலியாகக் கோத்த குச்சி போன்ற பாக்டீரியாவைக் கண்டு ஆந்த்ராக்ஸாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். உடனே மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். இரண்டு நாளில் ஆய்வகம் உறுதி செய்தது. அதே நாள்களில் நியூயார்க்கில் தோல் ஆந்த்ராக்ஸ் வந்த ஒரு கைக்குழந்தைக்குச் சிலந்திக் கடி என்று நினைத்துச் சிகிச்சை நடந்தது. இரண்டு இடத்திலும் அதே கிருமிதான். ஃபுளோரிடா மருத்துவருக்கு அது கண்ணில் பட்டதோடு, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பின்னால் நடந்தது இன்னும் வேதனையானது. கடிதம் போய்ச் சேர்ந்த செனட் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை வகைபிரித்து அனுப்பிய தலைநகரத் தபால் நிலைய ஊழியர்களுக்கு, ஒட்டிய உறையிலிருந்து தூள் வெளியே வராது என்ற நம்பிக்கையில், பல நாள்கள் கொடுக்கவில்லை. அவர்களில் இருவர் இறந்தார்கள்.

கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஹெண்டர்சன் பிற்காலக் கட்டுரைகளில் இதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். 1972-இல் யூகோஸ்லாவியாவுக்கு ஈராக் வழியாகத் திரும்பிய ஒரு யாத்ரீகர் பெரியம்மையைக் கொண்டுவந்தார். அந்த நாடு நாற்பது ஆண்டுகளாக அந்த நோயைப் பார்த்ததில்லை. அவரிடமிருந்து தொற்றிக்கொண்ட ஓர் இளைஞரை மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்றினார்கள். தோல் முழுக்க இரத்தம் கசிந்ததைப் பெனிசிலின் ஒவ்வாமை என்று முடிவுகட்டி, மருத்துவ மாணவர்களுக்கும் காட்டினார்கள். அவர் இறந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்த ஒருவரிடமிருந்து மட்டும் 38 பேருக்கு நோய் தொற்றியது. மொத்தம் 175 பேர் நோயுற்று, 35 பேர் இறந்தார்கள். அதை நிறுத்த அரசு 1.8 கோடிப் பேருக்கு ஊசி போட வேண்டியிருந்தது. சென்னைத் தண்டையார்பேட்டையிலோ பாட்னாவிலோ பணியாற்றிய ஓர் அம்மைப் பணியாளர் அந்த வார்டு வழியாக நடந்து போயிருந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார்.

இதற்கு எதிராக வலுவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. பெரியம்மை கண்ணுக்குத் தெரியும் நோய், முகத்தில் எழுதியிருக்கும். விலங்குகளிடம் தங்காது, அறிகுறி தோன்றும் முன்பு பரவாது. இனி வரப்போகும் கிருமிகள் அப்படி இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரியம்மையின் உறவுக்காரக் கிருமியான குதிரையம்மை வைரஸை, தபாலில் வரவழைத்த மரபணுத் துண்டுகளைக் கோத்தே உருவாக்கிவிட்டார்கள். இத்தகைய காலத்தில் சுகாதார ஆய்வாளரின் கண்ணை நம்பச் சொல்வது பழங்காலத்துப் பேச்சு. உயர் பாதுகாப்பு ஆய்வகங்களும் மரபணு வரிசைப் பரிசோதனையும்தான் தேவை என்பார்கள். ஆய்வகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மணிபாலிலும் புணேயிலும் ஆய்வகங்கள் இல்லாவிட்டால் கேரளத்தில் நிபா வைரஸை உறுதி செய்திருக்க முடியாது. ஆனால் மாதிரி வந்து சேர்ந்தால்தான் ஆய்வகத்துக்கு வேலை. எவ்வளவு நுட்பமாகச் செய்த கிருமியானாலும் அது கடைசியில் ஒரு மனிதருக்குக் காய்ச்சலாகவோ மூச்சுத்திணறலாகவோ வந்தாக வேண்டும். அந்த மனிதர் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மருத்துவமனைக்குத்தான் போவார். அங்கே ஒருவருக்குச் சந்தேகம் எழ வேண்டும்.

ஆய்வகங்களைப் பெருக்குவதிலேயே ஆபத்தும் இருக்கிறது. உலகத்தில் பெரியம்மையால் கடைசியாக இறந்தவர் 1978-இல் பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவப் புகைப்படக் கலைஞர். அவருடைய அறைக்குக் கீழ்த்தளத்தில் இருந்த ஆய்வகத்தின் கிருமி அது. மறு ஆண்டு ஏப்ரலில் சோவியத் நகரமான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில், இராணுவக் கூடத்திலிருந்து கசிந்த ஆந்த்ராக்ஸ் காற்று வீசிய திசையில் குறைந்தது 66 பேரைக் கொன்றது. கெட்டுப்போன இறைச்சி என்று அரசு பல ஆண்டுகள் சாதித்தது. 2001 கடிதங்களில் இருந்த தூளைக்கூட, அமெரிக்காவின் சொந்தத் தற்காப்பு ஆய்வகத்தில் பணியாற்றிய விஞ்ஞானி ஒருவரே அனுப்பினார் என்று அந்நாட்டுப் புலனாய்வுத் துறை முடிவு கட்டியது. அவர் வழக்குக்கு முன்பே இறந்துவிட்டார், அறிவியல் சான்று முற்றாக உறுதி செய்யவில்லை என்று தேசிய ஆய்வுக் கழகம் பின்னர் சொன்னது. எஞ்சிய பெரியம்மைக் கிருமி அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டும் இருப்பதாகக் கணக்கு. 2014-இல் வாஷிங்டனுக்கு அருகே பெத்தெஸ்டாவில் ஒரு பழைய சேமிப்பறையில், கவனிப்பாரற்றுக் கிடந்த குப்பிகள் அகப்பட்டன. அவற்றில் உயிருள்ள கிருமியும் இருந்தது. எஞ்சிய பெரியம்மைக் கிருமி முழுவதையும் அழித்துவிட வேண்டும் என்று ஹெண்டர்சன் 2016-இல் இறக்கும் வரை வாதாடினார். அது நிறைவேறவில்லை.

அச்சமாவது பணத்தைக் கொண்டு வருகிறதே, லாங்மியூர் அப்படித்தானே சாதித்தார் என்று கேட்கலாம். அவர் அந்தப் பணத்தை அன்றாடம் வரும் நோய்களைத் தேடும் ஆட்கள் மீது செலவிட்டார். அதனால் அது பலித்தது. 2002 இறுதியில் அமெரிக்க அரசு அறிவித்த திட்டத்தைப் பாருங்கள். பெரியம்மைத் தாக்குதலுக்கு முன்னேற்பாடாக ஏறத்தாழ ஐந்து லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஊசி போடுவதாகச் சொன்னார்கள். வந்தவர்கள் 40,000 பேர்கூட இல்லை. சிலருக்கு இதயத் தசை அழற்சி வந்தது. இல்லாத நோய்க்கு ஏன் இந்த ஆபத்து என்று செவிலியர்கள் கேட்டார்கள். திட்டம் சத்தமில்லாமல் ஓய்ந்தது. அந்த மாதங்களில் உள்ளூர்ச் சுகாதாரத் துறைகள் தங்கள் வழக்கமான வேலைகளை ஒத்திவைத்துவிட்டு இதைத்தான் செய்துகொண்டிருந்தன.

காகிதத்தில் இருக்கும் ஆயத்தம் எப்படி ஏமாற்றும் என்பதைக் கொரோனா காட்டியது. 2019 அக்டோபரில் வெளியான உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு அமெரிக்காவை முதல் இடத்திலும் பிரிட்டனை இரண்டாம் இடத்திலும் வைத்தது. அதைத் தயாரித்தவற்றுள் ஹெண்டர்சன் நிறுவிய மையமும் ஒன்று. ஆய்வகங்கள், சட்டங்கள், கையேடுகள், நிபுணர்கள் எல்லாவற்றையும் எண்ணினார்கள். பிறகு அமெரிக்காவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொரோனாவில் இறந்தார்கள். அந்த முதல் இடம் சொல்லாமல் விட்டது, உள்ளூர்ச் சுகாதார ஊழியர் கதவைத் தட்டினால் மக்கள் திறப்பார்களா, சொன்னால் நம்புவார்களா என்பதை.

இந்த இடத்தில் பெரியம்மை ஒழிப்பின் கறையையும் பேசியாக வேண்டும். 1974-75-இல் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பல ஊர்களில் மறுத்தவர்களை வலுக்கட்டாயமாகப் பிடித்து ஊசி போட்டார்கள். இரவில் வீடு புகுந்ததும் உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். அம்மை என்றால் அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் அதிகாரி நுழைந்து கையைப் பிடித்து இழுப்பது எவ்வளவு பெரிய அத்துமீறல் என்று விளக்க வேண்டியதில்லை. வெற்றி கிடைத்துவிட்டது என்பதற்காக அதை நியாயப்படுத்தக் கூடாது. வீட்டுக்குள் புகுந்தவர்களைக் கண்டு பயந்து நோயாளியை மறைத்த குடும்பங்களால் தேடுதலே தடைப்பட்டது. ஹெண்டர்சனே பிற்காலத்தில் இந்தத் திசைக்குத்தான் வந்து சேர்ந்தார். 2006-இல் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரை ஒன்று, பெரும் காய்ச்சல் பரவலின்போது மக்களைக் கூட்டமாக அடைத்து வைப்பதையும் நீண்ட நாள் பள்ளிகளை மூடுவதையும் எதிர்த்தது. அன்றாட வாழ்க்கை எவ்வளவு குறைவாகக் குலைகிறதோ அவ்வளவுக்கு மக்கள் ஒத்துழைப்பார்கள் என்றது. அதன் ஒவ்வொரு பரிந்துரையும் கொரோனாவுக்குப் பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கெடுபிடியை விட நம்பிக்கை நோயை வேகமாகக் காட்டிக் கொடுக்கும் என்ற அதன் அடிப்படையை நான் முழுமையாக ஏற்கிறேன்.

நோயாளியைப் பார்ப்பவரின் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு, இரண்டும் நிபாவைப் பற்றியவை. கிருமி ஆயுதமாகப் பயன்படக்கூடியவை என்று அமெரிக்கா வைத்திருக்கும் பட்டியலிலும் இந்த வைரஸ் இருக்கிறது. 2001 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் இறந்தார்கள். பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே, ஊழியர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் தொற்றியது. அது நிபா என்பது சேமித்து வைத்த மாதிரிகளை ஆண்டுகள் கழித்துச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தின் முதல் நோயாளி காரணம் தெரியாமல் இறந்தார். அவருடைய சகோதரர் அதே அறிகுறிகளோடு ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்ததும், அங்கிருந்த மருத்துவர்கள் ஒரே வீட்டில் இரண்டு பேர் என்பதைக் கவனித்து, மாதிரியை மணிபாலுக்கு அனுப்பினார்கள். சில நாள்களில் புணே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது. நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்கள் அனைவரையும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஊழியர்கள் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். முதல் நோயாளியைக் கவனித்த பேராம்பிரா செவிலியர் உட்பட 17 பேரை இழந்து, கேரளம் பரவலை நிறுத்தியது. சிலிகுரிக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இரண்டாவது நோயாளியைப் பார்த்த கண்களில் இருக்கிறது.

இத்தகைய கண்காணிப்புக்கு ஆகும் செலவு மலைக்க வைப்பதும் அல்ல. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு கண்காணிப்பு முறையை நடத்திக் காட்டினார். அரசு, தனியார் மருத்துவர்கள் எல்லோருக்கும் அஞ்சல் கட்டணம் செலுத்திய அட்டைகளைக் கொடுத்தார்கள். பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தால் பெயர், ஊர், வயது எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும். ஆய்வக உறுதிப்பாடு தேவையில்லை. அட்டை வந்ததும் சுகாதார அதிகாரி விசாரிப்பார். மாதந்தோறும் ஒரு செய்திமடல், மருத்துவர்கள் அனுப்பியது என்ன ஆயிற்று என்று அவர்களுக்கே திருப்பிச் சொன்னது. தன் அட்டையை யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்ததால் தனியார் மருத்துவர்களும் தொடர்ந்து எழுதினார்கள். 1998-இல் ‘லான்செட்’ இதழில் இதை வளரும் நாடுகளுக்கான முன்மாதிரியாக எழுதினார்கள். ஆண்டுக்கு ஒருவருக்கு ஆன செலவு ஒரு அமெரிக்க சென்ட்டைக்கூடத் தொடவில்லை. இன்றைக்குக் கைப்பேசி இருக்கிறது, 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. திருப்பிச் சொல்லும் அந்தப் பழக்கம்தான் பல இடங்களில் இல்லை.

நாட்டிலேயே முன்னோடியாக 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணி வரிசையும் வைத்திருப்பதைப் பிற மாநிலங்கள் நமக்குச் சுட்டிக்காட்டிப் பாராட்டுகின்றன. ஆனால் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை இடம் தேர்ந்தெடுக்கும் மாணவர் சமூக மருத்துவத்தைக் கடைசி விருப்பமாகத்தான் எடுக்கிறார். மாவட்டக் கண்காணிப்புப் பிரிவின் நோய்ப்பரவலியலாளர் பல மாவட்டங்களில் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கக் காத்திருக்கும் ஊழியராகவே இருக்கிறார். ஒரு நோய்ப்பரவலியலாளர் உருவாகப் பத்து ஆண்டு களத்தில் அலைய வேண்டும். ஹெண்டர்சனுக்கும் ராவுக்கும் அந்தப் பத்து ஆண்டு கிடைத்தது. நிரந்தரப் பணி, பதவி உயர்வு, ஆய்வு செய்யவும் வெளியிடவும் நேரம் ஆகியவற்றைக் கொடுக்காமல் அப்படி ஒருவரை எதிர்பார்க்க முடியாது. அரசு இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் சந்தேகத்துக்குரிய நோய்களைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கி, தெரிவித்தவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அடுத்த முறை உயர் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றுக்குச் சட்டமன்றத்தில் நிதி அறிவிக்கும்போது, உங்கள் மாவட்டத்திலிருந்து அதற்கு முதல் மாதிரியை அனுப்பப் போகிறவர் யார், அவர் பணியில் இருக்கிறாரா என்று உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள்.